துருத்தி ஊதிய பையன்: மலைக்கணவாய்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

மலையை முதன்முதலில் பார்த்தவர் யார்? இதென்ன கேள்வி என்று மலையடிவாரத்தில் குடியிருக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஐரோப்பிய வரலாறெழுதியலில் இதற்கு ஆள் பெயரோடும் தேதியோடும் ஒரு விடை இருக்கிறது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். 1336 ஏப்ரல் 26. தெற்கு பிரான்சில் உள்ள வாந்தூ மலையில் (சுமார் 1,910 மீட்டர்) அன்று அவர் சும்மா ஏறினார். ஆடு மேய்க்க, விறகு வெட்ட, எதிரி வருகிறானா என்று நோட்டம் பார்க்க என்று எந்தக் காரியமும் அவருக்கு அங்கே இல்லை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்கிற ஆசை ஒன்றுதான். 1860இல் இத்தாலிய மறுமலர்ச்சியைப் பற்றி எழுதிய யாக்கோப் புர்க்ஹார்ட், நவீன மனிதன் இயற்கையழகைக் கண்டடைந்த கதையில் இந்த ஏற்றத்துக்கு முக்கியமான இடம் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். மலையேறுபவர்கள், நடைப்பயணிகள், கணவாய் கணவாயாக சைக்கிள் மிதிப்பவர்கள் எல்லோருக்கும் பெட்ரார்க்தான் முப்பாட்டன் என்றாகிவிட்டது.

சரி, அவர் எழுதிய கடிதத்தையே வாசித்துப் பார்ப்போம். (கடிதத்தின் தேதி 1336 என்றாலும், அது பல வருஷம் கழித்து, 1353 வாக்கில் எழுதப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. நமது வாசிப்புக்கு அது இடைஞ்சல் இல்லை.) ஏறுகிற வழியில் ஒரு வயதான இடையரைப் பார்க்கிறார்கள். தானும் 50 வருஷத்துக்கு முன்னால் உச்சிவரை போனவன்தான், உடம்பும் துணியும் கிழிந்ததைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை, போகாதீர்கள் என்று அவர் தடுக்கிறார். இவர்கள் கேட்பதாக இல்லை. பிறகு அவரே பாதையைக் காட்டிக்கொடுக்கிறார். வேண்டாத சாமான்களை அவரிடம் விட்டுவிட்டு மேலே போகிறார்கள். பெட்ரார்க்கோடு அவர் தம்பி. இருவருக்கும் ஆளுக்கொரு வேலையாள். உச்சியில் நின்று பெட்ரார்க் புனித அகஸ்டினைப் பிரித்து வாசிக்கிறார், தன் ஆன்மாவுக்குள் பார்க்கிறார். இரவு விடுதிக்குத் திரும்பியதும், வேலையாட்கள் சமையலில் மும்முரமாக இருக்கிற நேரத்தில், தனியாக ஒரு மூலைக்குப் போய் இந்தக் கடிதத்தை எழுதுகிறார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது: பெட்ரார்க்குக்கு 50 வருஷம் முன்பே அந்த இடையர் உச்சிக்குப் போய்விட்டார். அதுவும் பெட்ரார்க் வாயாலேயே வருகிற செய்தி. ஆனாலும் 'முதலில்' போனது பெட்ரார்க். வேலையாட்கள் இருவரும் அதே உச்சியில் அதே நேரம் நின்றவர்கள். அவர்கள் என்ன பார்த்தார்கள்? அவர்களுக்கும் ஆன்மா இருந்திருக்குமே? பிரதியில் அவர்கள் சாயங்காலச் சமையலுக்குத்தான் மறுபடியும் வருகிறார்கள். அவர்கள் அடுப்பு மூட்டியதால்தான் நவீன தன்னிலைக்குத் தனிமை கிடைத்தது. எழுத ஒரு மூலை கிடைத்தது. 'தனியாக மலையேறிய மனிதன்' என்கிற பெருங்கதையாடலின் முதல் பக்கத்திலேயே குறைந்தது மூன்று பேர் காணாமல் போயிருக்கிறார்கள்.

2

அடுத்த தருணம் 1790. ஒரே வருஷத்தில் இரண்டு சம்பவங்கள்.

ஒன்று, இம்மானுவேல் கான்ட் தீர்ப்புத்திறன் பற்றிய தன் விமர்சன நூலை வெளியிட்டது. உன்னதம் என்ற அழகியல் கருத்தாக்கத்தை அதில் விவாதிக்கிறபோது, பனிமலைப் பிரியர்களை எல்லாம் முட்டாள்கள் என்று சொன்ன சவாய் நாட்டுக் குடியானவர் ஒருவரைக் குறிப்பிடுகிறார். தகவல், மோன் பிளாங் மலையில் 1787இல் ஏறிய சொசூரிடமிருந்து வருகிறது. கான்ட் அந்தக் குடியானவரைக் கிண்டல் செய்யவில்லை; புத்தியுள்ள மனிதர் என்றே சொல்கிறார். ஆனால் உன்னதத்தை உணரப் பண்பாட்டுப் பயிற்சி வேண்டும், அது இல்லாதவருக்கு மலை வெறும் அச்சமும் கஷ்டமும்தான் என்று முடிக்கிறார். கான்ட் ஆல்ப்ஸ் மலையைக் கண்ணால் கண்டவரில்லை. கேனிக்ஸ்பெர்க் வட்டாரத்தைத் தாண்டி அவர் அதிகம் போனதில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு மலையை உணரும் தகுதி குறைவு, மலையைப் பார்க்காதவருக்கு அதை வரையறுக்கும் தகுதி உண்டு! சொசூரைப் பொறுத்தவரை, அவர் மோன் பிளாங்கில் ஏறியபோது கூடப் போன வழிகாட்டிகள் 18 பேர். அவருடைய வேலையாள் தனி.

இன்னொன்று, கேம்பிரிட்ஜ் மாணவரான வேர்ட்ஸ்வொர்த் விடுமுறையில் தன் நண்பர் ராபர்ட் ஜோன்சோடு பிரான்சையும் ஆல்ப்சையும் நடந்தே சுற்றியது. சிம்ப்ளான் கணவாயில் இருவரும் பாதையைத் தவறவிட்டு மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே வந்த குடியானவர் ஒருவர், இனி இறக்கம்தான், ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே போங்கள் என்கிறார். நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கடைசியில் விஷயம் விளங்குகிறது: ஆல்ப்சை அவர்கள் ஏற்கனவே கடந்துவிட்டார்கள். கடந்தது தெரியாமலே கடந்துவிட்டார்கள். கவிஞர் இறந்த பிறகு 1850இல் வெளியான 'பிரிலூட்' என்ற நெடுங்கவிதையின் ஆறாம் பகுதியில் இது வருகிறது. அந்த ஏமாற்றத்திலிருந்துதான் கற்பனையின் மகத்துவம் பற்றிய புகழ்பெற்ற பகுதி கிளம்புகிறது.

கணவாய் எங்கே இருக்கிறது என்பது குடியானவருக்குத் தெரிந்திருக்கிறது. கணவாய் என்றால் என்ன என்பது கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது. முதலாவது தகவல், இரண்டாவது இலக்கியம். அறிவை இப்படி இரண்டாகப் பங்குபோட்ட பிறகுதான் 'இயற்கைக் காட்சி' என்ற ஒன்று பிறக்கிறது.

3

உச்சியும் கணவாயும் ஒன்றல்ல. உச்சிக்குப் போனவர் திரும்பி வந்தாக வேண்டும். கணவாய்க்குப் போனவர் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். உச்சியால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. கணவாய் வழியாக உப்பு போகிறது, மாடு போகிறது, துணி போகிறது, படை போகிறது, பெண் கட்டிக் கொடுத்த ஊர் போகிறது. எனவே கணவாயில் 'சும்மா' என்பது வெகு காலம் கிடையாது.

தமிழ் படித்தவன் என்கிற முறையில் எனக்கு இங்கே 'சுரம்' என்ற சொல் ஞாபகம் வருகிறது. பாலைத்திணைப் பாடல்களில் வரும் சுரம் கடக்க வேண்டிய அருவழி. உப்பு விற்கும் உமணர் கூட்டம், வழிப்பறிக்காரர்கள், பொருள் தேடிப் போகிறவன், உடன்போக்கில் போகிற பெண் எல்லோரும் அதில் போகிறார்கள். மலையாளத்தில் இன்றும் மலையைக் கடக்கிற பாதைக்குச் சுரம் என்றுதான் பெயர். இதைவிட முக்கியம் ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பி வருகிறவர், போகப் போகிறவருக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வைத்திருந்தோம். மலைபடுகடாம் 583 அடிகளில் பெரும்பகுதி மலைவழி பற்றியது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், கவண்கல் எங்கிருந்து வரும், எந்தப் பாறை வழுக்கும், எந்தக் குடியில் சோறு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. பெட்ரார்க்கின் இடையர் ஒரு வரியில் பேசிவிட்டு மறைகிறார். ஆற்றுப்படையிலோ வழிகாட்டியின் பேச்சுதான் முழுப் பிரதியும்.

இதில் மார்தட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆற்றுப்படை கடைசியில் போய்ச் சேருவது நன்னன் மாதிரியான புரவலனின் வாசலில். மலைவழியின் அறிவு குறவருடையது. அதைப் பேசுகிற குரல் புலவருடையது. ஆனாலும் வழிகாட்டுதல் என்பது பாடத் தகுந்த காரியம் என்கிற ஒப்புதலாவது அங்கே இருக்கிறது. அது எங்கே, எப்போது போனது என்பதுதான் என் கேள்வி.

ஆல்ப்சிலும் அந்த ஒப்புதல் இருந்ததற்குச் சாட்சி உண்டு. 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாயில் 11ஆம் நூற்றாண்டில் துறவிகள் ஒரு சத்திரம் அமைத்தார்கள். பனியில் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப் போய்க் கொண்டுவருவது அவர்கள் வேலை. பிற்காலத்தில் புகழ்பெற்ற அந்த நாய்கள் இங்கே வளர்ந்தவைதான். யார் வந்தாலும் சோறு, படுக்கை. கணவாயைத் தனியாளாகக் கடக்க முடியாது என்கிற எளிய உண்மைமேல் கட்டப்பட்ட கட்டிடம் அது.

அதே கணவாயை 1800 மே மாதத்தில் நெப்போலியன் படையோடு கடந்தார். டேவிட் வரைந்த ஓவியம் எல்லோரும் பார்த்ததுதான்: முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரை, பறக்கும் அங்கி, கீழே பாறையில் ஹன்னிபால், சார்லமேன் பெயர்களோடு போனபார்ட் பெயர். உண்மையில் அவர் போனது கோவேறு கழுதைமேல். அதைப் பிடித்துக் கூட்டிப்போனவர் உள்ளூர் வழிகாட்டி ஒருவர். 50 வருஷம் கழித்து டெலரோஷ் வரைந்த ஓவியத்தில்தான் கழுதையும் வழிகாட்டியும் இடம் பிடித்தார்கள். பீரங்கிகளைக் குடைந்த மரத்துண்டுகளில் கிடத்திப் படைவீரர்களும் ஊர்க்காரர்களுமாக இழுத்தார்கள். அடிவாரத்து பூர்-சாங்-பியேர் கிராமம் வெட்டிய மரத்துக்கும் எடுத்துக்கொண்ட பாத்திரம் பண்டத்துக்கும் கணக்கு எழுதி அனுப்பியது. நெப்போலியன் ஈடு தருவதாக வாக்களித்தார், கொடுக்கவில்லை. 1984இல் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரான் ஓர் அடையாளப் பரிசு கொடுத்து அந்தக் கணக்கை முடித்துவைத்தார். டேவிடின் ஓவியத்தில் விடுபட்டது இந்தக் கணக்குச் சீட்டுதான்.

4

இனி சைக்கிள். 1903இல் லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகை, விற்பனையைக் கூட்டுவதற்காக, பிரான்சைச் சுற்றிவரும் பந்தயத்தைத் தொடங்கியது. ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்ச். அவருடைய சகா ஸ்தேனெஸ், பிரனீஸ் மலையின் பெரிய கணவாய்களையும் சேர்க்க வேண்டும் என்று நச்சரித்தார். 1910 ஜனவரியில் தூர்மலே கணவாயை (2,115 மீட்டர்) பார்த்துவரப் போனார். கார் பனியில் நின்றுவிட்டது. இருட்டில் கால்நடையாக விழுந்து எழுந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் தெக்ராஞ்சுக்குத் தந்தி அடித்தார்: பாதை நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம். தூர்மலேயின் நவீனப் புகழ் இந்தப் பச்சைப் பொய்யிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அந்த வருஷம் ஜூலை 21 அன்று லூஷோனிலிருந்து பயோனுக்கு 326 கிலோமீட்டர்; வழியில் பெரிசூர்து, அஸ்பான், தூர்மலே, ஓபிஸ்க் என்று வரிசையாகக் கணவாய்கள். ஒரே ஒரு கியர், மண் பாதை, விடியும் முன்பே கிளம்ப வேண்டும். அன்றைய கட்டத்தையும் அந்த வருஷப் பந்தயத்தையும் வென்ற ஒக்தாவ் லாபீஸ், வழியில் நின்ற நிர்வாகிகளைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார். இப்போது அதை வீரக்கதையின் ஓர் அலங்காரமாகச் சொல்கிறார்கள். நான் அதை ஒரு கூலித் தொழிலாளியின் புகாராக வாசிக்கிறேன். அவர் 1917இல் முதல் உலகப்போரில் விமானியாகச் செத்துப்போனார். 1924இல் பெலிசியே சகோதரர்கள் பந்தயத்திலிருந்து விலகியதும் இதே வகைப் புகார்தான். குளிரும் காலையில் போட்டுக்கொண்ட மேல்சட்டையை வெயில் ஏறியதும் கழற்றி எறியக்கூடாது என்று ஒரு விதி! அதையொட்டி ஆல்பர் லோந்த்ர் எழுதிய கட்டுரை, பந்தயக்காரர்களைச் சாலையின் தண்டனைக் கைதிகள் என்று பேசவைத்தது. முந்தைய வருஷம்தான் அவர் கயானாவின் நிஜமான தண்டனைக் குடியிருப்பைப் பார்த்து எழுதியிருந்தார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1913 சம்பவம். தூர்மலே இறக்கத்தில் யூஜேன் கிறிஸ்தோப்பின் சைக்கிள் ஃபோர்க் உடைந்துவிட்டது. விதிப்படி வேறு சைக்கிள் வாங்கக்கூடாது, யாரும் உதவக்கூடாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேந்த்-மரி-த-காம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லுப்பட்டறையைக் கண்டுபிடித்தார். நிர்வாகிகள் பக்கத்தில் நின்று பார்க்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் சரிபண்ணினார். மணிக்கணக்கில் நேரம் போயிற்று. இரண்டு கையும் இரும்பைப் பிடித்திருக்க, துருத்தி ஊதுவதற்கு மட்டும் பட்டறையிலிருந்த ஒரு பையன் ஒத்தாசை செய்தான். அதற்கு 10 நிமிடம் அபராதம்! பிறகு இரக்கப்பட்டு 3 நிமிடமாகக் குறைத்தார்கள்.

இந்த 3 நிமிடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டறை இன்னொருவருடையது, அதற்கு அபராதம் இல்லை. இரும்பைச் சுரங்கத்தில் வெட்டியவர்கள், பாதை போட்டவர்கள், பனி அள்ளியவர்கள் யாருடைய உழைப்புக்கும் அபராதம் இல்லை, ஏனென்றால் அந்த உழைப்பு கண்ணில் படவில்லை. கண்ணில் பட்ட ஒரே உழைப்பு அந்தப் பையனுடையது. பெட்ரார்க் தன் வேலையாட்களைப் பிரதியின் ஓரத்துக்குத் தள்ளினார். தெக்ராஞ்சின் விதிப்புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒத்தாசையைக் குற்றமாக்கியது. தனிமனிதன் தன் சொந்த பலத்தால் மலையை வெல்கிறான் என்ற கருத்தியலைக் காப்பாற்ற ஒரு சிறுவனின் மூச்சுக்காற்றையும் கணக்கில் கழிக்க வேண்டியிருந்தது. (பெரும்பாலான எடுத்துரைப்புகளில் அவனுக்குப் பெயரும் கிடையாது.)

கியர் விவகாரமும் இதன் தொடர்ச்சிதான். சாந்த்-எத்தியேன் என்ற தொழில் நகரத்தில் வாழ்ந்த பால் த விவி (1853-1930), வெலோசியோ என்ற புனைபெயரில் 'ல சிக்லிஸ்த்' பத்திரிகை நடத்தியவர், மலைப்பாதைக்குப் பல கியர் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். தானே செய்தும் பார்த்தார். வயதானவர்களும் பெண்களும் பலசாலி இல்லாதவர்களும் கணவாய் ஏற முடிய வேண்டும் என்பது அவர் கட்சி. கியர் எல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு, பந்தயத்துக்குத் தசைபலம்தான் அழகு என்பது தெக்ராஞ்ச் கட்சி. தூர் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவி 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1936இல், பிரான்சின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியிருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் சைக்கிளிலும் இருவர் மிதிக்கும் டாண்டமிலும் கடலுக்கும் மலைக்கும் கிளம்பினார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இயற்கைக் காட்சி என்பதே மேட்டிமைத்தனம், உழைப்பவனுக்கு மலை வெறும் பாரம் என்று சொல்லி முடித்துவிடுவது நம் சிறுபத்திரிகை வட்டத்தில் சுலபம். அப்படிச் சொன்னால் கான்ட் சவாய் குடியானவரைப் பற்றிச் சொன்னதையே நாமும் தலைகீழாகச் சொன்னதாக ஆகிவிடும். 1936இல் டாண்டம் மிதித்த ஆலைத் தொழிலாளி 'சும்மா' என்பதை ஓர் உரிமையாகப் பெற்றார். சும்மா பார்ப்பது பெட்ரார்க்கின் சொத்தாகவே இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. என் சண்டை பார்ப்பவரோடு இல்லை. கூட வந்தவரை அழித்துவிட்டுப் பார்ப்பதோடுதான்.

ரொலான் பார்த் 'தொன்மங்கள்' (1957) நூலில் தூர் பந்தயத்தை ஒரு காவியமாக வாசித்திருக்கிறார். மலைகள் அதில் பாத்திரங்களாகின்றன. வாந்தூவைப் பலி கேட்கிற தீய தெய்வமாக அவர் காண்கிறார். பத்து வருஷம் கழித்து, 1967 ஜூலை 13 அன்று, அதே வாந்தூ சரிவில் கடும் வெயிலில் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்தார். உடம்பில் ஆம்பெட்டமின் இருந்தது. தொன்மத்தை விளக்கிய பார்த், அதற்குள் இருக்கிற சம்பள ஒப்பந்தத்தை அவ்வளவாகப் பேசவில்லை என்பது என் குறை. தெய்வம் பலி கேட்கவில்லை. ஒப்பந்தம் கேட்டது, ஸ்பான்சர் கேட்டார், பத்திரிகை கேட்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல். மிதித்து வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலையும் தொப்பியையும் அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள். பெட்ரார்க் ஏறிய அதே மலை.

5

சைக்கிளும் கணவாயும் நம் பக்கம் வந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ஃபேனி புல்லக் வொர்க்மன், தன் கணவரோடு 1897 இறுதியில் இலங்கையில் இறங்கி, அங்கிருந்து தென்னிந்தியா வழியாக வடக்கே சைக்கிளிலேயே போனார். கோயில்களையும் மக்களையும் பற்றி 1904இல் அவர்கள் வெளியிட்ட நூலின் தலைப்பே 14,000 மைல் என்று கணக்குச் சொல்கிறது. 1898 கோடையில் வெயிலுக்குத் தப்பி இமயமலைப் பக்கம் போனார்கள். அதோடு சைக்கிள் போய் மலை வந்தது. பனிக்கணவாய்களைத் தேடிப் பல பயணங்கள். 1912இல் சியாச்சின் பனியாற்றின் உயரத்தில், 'பெண்களுக்கு வாக்குரிமை' என்று தலைப்பிட்ட பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி ஃபேனி நிற்கும் படம் பிரசித்தம்.

அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். பாவாடை கட்டிக்கொண்டு பனியாறு ஏறிய பெண்ணை ஆண்களின் புவியியல் சங்கங்கள் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் அந்தப் பயண நூல்களில் சுமைதூக்கிகள் வருகிற இடத்தில் எல்லாம் புகார்தான்: சோம்பேறிகள், சொன்னபடி கேட்பதில்லை, பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். 1898இல் சிக்கிம் பக்கம் போட்ட திட்டம் சுமைதூக்கிகளோடு ஏற்பட்ட தகராறிலேயே நின்றுபோயிற்று. குளிருக்குத் தக்க துணி இல்லாதவர்கள் நின்றதை வேலைநிறுத்தம் என்று வாசிக்க அந்த நூல்களுக்குத் தெரியவில்லை. ஒரு விளிம்பிலிருந்து பேசுகிற பிரதி, இன்னொரு விளிம்பின்மேல் ஏறி நின்று பேச முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எழுதப்படாத பக்கத்தில் இதற்கு எதிர்க்கதை இருக்கிறது. வயநாட்டுக்கு ஏறும் தாமரச்சேரி சுரத்தின் வழியை வெள்ளைக்காரப் பொறியாளருக்குக் காட்டிக்கொடுத்தவர் கரிந்தண்டன் என்ற பணியர் குலத்து ஆதிவாசி என்றும், கண்டுபிடித்த பெயர் தனக்கே வேண்டும் என்று அந்தப் பொறியாளர் அவரைக் கொன்றுவிட்டார் என்றும் மக்கள் சொல்கிறார்கள். ஆவி பாதையில் போகிறவர்களைத் தொந்தரவு செய்யவே, சங்கிலி போட்டு மரத்தில் கட்டினார்களாம். லக்கிடியில் அந்தச் சங்கிலி மரம் இருக்கிறது. இது ஆவணம் இல்லை, வாய்மொழிக் கதை. ஆனால் வழிகாட்டியை அழித்துவிட்டால் பாதையில் நிம்மதியாகப் போக முடியாது என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது. புர்க்ஹார்ட்டுக்குத் தெரியவில்லை.

6

கடைசியாக இரண்டு கணவாய்ப் பயணங்கள். இரண்டிலும் காட்சி பார்க்க யாரும் போகவில்லை.

1940 செப்டம்பர் இறுதி. நாஜிகளிடமிருந்து தப்பிய வால்டர் பெஞ்சமின், பிரான்சின் பன்யூல்ஸ் ஊரிலிருந்து பிரனீஸைத் தாண்டி ஸ்பெயினின் போர்ட்போவுக்கு நடந்தார். கூட்டிப்போனவர் லிசா ஃபிட்கோ. அவரும் அகதிதான், அந்தப் பாதையில் அவருக்கே அது முதல் நடை. பாதையைச் சொல்லிக்கொடுத்தவர் பன்யூல்ஸ் மேயர். விடியலில் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற தொழிலாளர்களோடு கலந்து ஊரைவிட்டு வெளியேறினார்கள். இதயநோயாளியான பெஞ்சமின் கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் நடப்பார், 1 நிமிடம் நிற்பார். கையில் கனமான ஒரு கறுப்புப் பை. அதைக் கூட வந்தவர்கள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். போர்ட்போவில் ஸ்பானிய அதிகாரிகள், பிரான்சைவிட்டு வெளியேறும் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் 26 இரவு அவர் இறந்தார். மார்பீன் மாத்திரைகளை அவரே விழுங்கிவிட்டார் என்று கருதப்படுகிறது. உடன் வந்தவர்கள் பிறகு அனுமதிக்கப்பட்டார்கள். ஃபிட்கோவும் அவர் கணவரும் அடுத்த பல மாதங்கள் அதே பாதையில் ஆட்களைக் கடத்திவிட்டுக்கொண்டே இருந்தார்கள். அது கடத்தல்காரர்களின் பழைய பாதை. 1939இல் பிராங்கோவுக்குத் தோற்ற ஸ்பானியக் குடியரசுப் படையினர் எதிர்த்திசையில் தப்பி வந்த பாதையும்கூட.

பெஞ்சமின் எழுத்தை நாம் எவ்வளவோ மேற்கோள் காட்டியிருக்கிறோம். அவரை ஒரு நாள் உயிரோடு மலை தாண்ட வைத்த ஃபிட்கோ 1985இல் எழுதிய நினைவுக்குறிப்பை எத்தனை பேர் வாசித்தோம்? இப்போது அது அம்புக்குறி போட்ட நடைபயணப் பாதை. போர்ட்போவில் 1994இல் டானி காரவன் அமைத்த நினைவிடத்தில், பெயரற்றவர்களின் நினைவு பற்றி பெஞ்சமின் எழுதிய குறிப்பு கண்ணாடியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாதையின் பெயர் மட்டும் வால்டர் பெஞ்சமின் பாதை.

இரண்டாவது, ஆல்ப்ஸில் பிரியான்சோன். தூர் பந்தயக்காரர்களுக்குப் புண்ணிய தலம் மாதிரி: இசோவார், கலிபியே கணவாய்களுக்கு அங்கிருந்து போகலாம். இத்தாலி எல்லையில் உள்ள மோன்ஜெனெவ்ர் (1,850 மீட்டர்), எஷெல் கணவாய்களும் பக்கத்தில்தான். 2015க்குப் பிறகு பிரான்ஸ் எல்லைச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்ததும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அகதிகள் இந்தக் கணவாய்களை இரவில், பனியில், சாதாரண ஷூ போட்ட காலோடு கடக்க ஆரம்பித்தார்கள். 2018 மே மாதம் நைஜீரியாவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவரின் உடல் துரான்ஸ் ஆற்றில் கிடைத்தது. பனி உருகியபோது வேறு உடல்களும் கிடைத்தன. ஊர்க்காரர்களும் மலை வழிகாட்டிகளும் இரவில் தேடிப்போய் ஆட்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். 11ஆம் நூற்றாண்டுத் துறவிகள் செய்த அதே காரியம். 2018 மார்ச்சில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைப் பனியிலிருந்து காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் விசாரணைக்கு உள்ளானார். அந்த ஜூலையில் பிரான்சின் அரசியல்சட்ட மன்றம், சகோதரத்துவம் அரசியல்சட்டக் கோட்பாடு, மனிதாபிமானத்தோடு கைம்மாறு கருதாமல் செய்யும் உதவிக்கு அதன் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் டிசம்பரில் பிரியான்சோன் வழக்கில் ஏழு பேர் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் விடுதலை கிடைக்க 2021 செப்டம்பர் ஆயிற்று.

1913இல் துருத்தி ஊதியதற்கு 3 நிமிடம். அது விளையாட்டு, இது சட்டம். இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மலையைத் தனியாகக் கடப்பதுதான் மனிதனுக்குப் பெருமை என்று ஒரு நூற்றாண்டாகப் பயின்ற கண்ணுக்கு, இன்னொருவர் கைபிடித்துக் கடப்பவர் ஏமாற்றுக்காரராகவும் கைகொடுத்தவர் உடந்தையாகவும் தெரிவதில் ஆச்சரியம் இல்லை என்கிறேன்.

கலிபியே ஏறுகிறவர் ஏறட்டும். மேலே நின்று ஒரு மணி நேரம் சும்மா பார்க்கட்டும், நானும் பார்ப்பேன். இறங்கி வந்து எழுதுகிறபோது, பாதையில் பனி அள்ளியவர் யார், முந்தின ராத்திரி அதே மலைத்தொடரில் யாரை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதையும் விசாரித்து எழுத வேண்டும். ஆற்றுப்படை எழுதியவர்களுக்குச் சோறு போட்ட குடியின் பெயராவது தெரிந்திருந்தது.